கேனான் கையில் சோனி: புது மிரர்லெஸ்ஸோடு முதல் மூன்று மாதம்

பல வருடம் கேனான் 5டி வரிசை டிஎஸ்எல்ஆரில் ஓடிய கை, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவான சோனி ஏ7 மார்க் 4-ஐ எடுத்ததும் முதலில் தடுமாறுவது மெனுவில் அல்ல, ஜூம் வளையத்தில். இரண்டு கம்பெனி லென்ஸ்களிலும் வளையம் எதிரெதிர்ப் பக்கம் திரும்பும். 24 மி.மீ.யில் இருக்கும் லென்ஸை 70-க்குக் கொண்டுபோக நினைத்துப் பழைய பக்கமே திருப்பினால், வளையம் முட்டிக்கொண்டு நிற்கும். தவறு புரிந்து மறுபக்கம் திருப்புவதற்குள் கல்யாண மேடையில் மாலை மாற்றி முடித்திருப்பார்கள்.

ஜூம் வளையம் லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடிகளை நேரடியாக நகர்த்துவதால், அதன் திசையை எந்த மெனுவும் மாற்றாது. ஃபோகஸ் வளையம் வேறு கதை. பெரும்பாலான சோனி லென்ஸ்களில் அது ஒரு மின் சுவிட்சு போலத்தான் வேலை செய்கிறது. ஏ7 மார்க் 4-இல் ‘ஃபோகஸ் ரிங் ரொட்டேட்’ என்ற இடத்தில் அதன் திசையைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஜூமுக்குப் பயிற்சி ஒன்றே வழி. தினமும் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியில் நின்று, தெருவில் போகும் வண்டி ஒன்றைப் பிடித்து, கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல் அகலத்திலிருந்து நெருக்கத்துக்கும் மறுபடி அகலத்துக்கும் போய் வாருங்கள். கையைப் பார்த்துத் திருப்பினால் அது பயிற்சியில் சேராது. வேறு கம்பெனி லென்ஸ் வாங்குவதாக இருந்தால் கடையிலேயே திருப்பிப் பார்த்துவிடுங்கள். சோனி மவுண்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்க்கு) வருபவை எல்லாம் ஒரே பக்கம் திரும்புவதில்லை. ஒரு பையில் இரண்டு திசை லென்ஸ் இருந்தால் கை எந்தக் காலத்திலும் பழகாது.

லென்ஸை மாட்டும் திசையில் கேனான்காரர்களுக்குச் சிக்கலில்லை. சிவப்புப் புள்ளிக்குப் பதில் வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். நிக்கானிலிருந்து வருபவர்களுக்கு இது தலைகீழ்: ஜூம் பழகியபடியே திரும்பும், ஆனால் மாட்டும் திசை எதிர்ப்பக்கம். லென்ஸ் திரும்ப மறுத்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். கழற்றும் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கிறோமா என்று முதலில் பாருங்கள்.

முதல் ஆறு வாரத்துக்குக் கூலி வாங்கிய வேலையில் புதுக் கேமராவை முதன்மைக் கேமராவாகக் கொண்டுபோகாதீர்கள். பழையதையும் புதியதையும் இரண்டு தோளில் மாட்டிக்கொண்டு ஒரே முகூர்த்தத்தை எடுப்பது அதைவிட மோசம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கேமரா மாறும்போது கை இரண்டையும் மறக்கும். நிறமும் ஒட்டாது. அன்றைக்கு எது என்று காலையிலேயே முடிவு செய்து, மற்றதைப் பையில் அவசரத்துக்கு மட்டும் வையுங்கள்.

பட்டன்களை இடம் மாற்றுதல்

பெயர்கள் மாறியிருக்கும், பொருள் ஒன்றுதான். கேனானின் ஏவி (அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் திறக்கும் அளவை, நாம் வைப்பது) இங்கே ஏ, டிவி (ஷட்டர் வேகத்தை நாம் வைப்பது) இங்கே எஸ். ஒன் ஷாட் (ஒருமுறை ஃபோகஸ் செய்து நிற்பது) இங்கே ஏஎஃப்-எஸ், ஏஐ சர்வோ (அசைவதைத் தொடர்வது) இங்கே ஏஎஃப்-சி. க்யூ பட்டன் செய்த வேலையை எஃப்என் பட்டன் செய்யும். டயலில் சி1, சி2, சி3 என்று இருந்தவை 1, 2, 3 ஆகியிருக்கும்.

பழைய கேமராவில் இருந்த அத்தனை பட்டனையும் புதியதில் அப்படியே கொண்டுவர முயல்வது வீண். கண் பார்க்காமல் விரல் தேடும் இடங்கள் நான்கைந்துதான் இருக்கும். அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலாவது டயல். கேனானில் ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் ஆள்காட்டி விரலுக்குக் கிடைக்கும் டயலில் ஷட்டர் வேகமும், பின்புறப் பெரிய சக்கரத்தில் அப்பர்ச்சரும் இருந்தன. ‘கஸ்டம் கீ/டயல் செட்’ பகுதிக்குப் போய் முன் டயலுக்கு ஷட்டர் வேகம், பின் டயலுக்கு அப்பர்ச்சர் என்று வைத்துவிடுங்கள். டயலைத் திருப்பும் பக்கம் தலைகீழாகத் தோன்றினால் ‘ஏவி/டிவி ரொட்டேட்’டில் ரிவர்ஸ் வைக்கலாம். மேலே வலது ஓரத்தில் எண் எதுவும் அச்சிடாத டயல் ஒன்று உண்டு. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனுக்கு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க) அதையே விட்டுவிடுவது நல்லது. ஆனால் நடுவில் இருக்கும் பூட்டை அழுத்தி வையுங்கள். பையிலிருந்து எடுக்கும்போது அது தானாகத் திரும்பி, காலை முழுக்க ஒரு ஸ்டாப் இருட்டாக எடுத்துவிட்டு மதியம் கண்டுபிடிப்பவர்கள் நிறைய.

அடுத்தது ஃபோகஸ். பின்பட்டனில் ஃபோகஸ் செய்து பழகியவர்கள் இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். ‘ஏஎஃப் வித் ஷட்டர்’ என்பதை ஆஃப் செய்யுங்கள். ஏஎஃப்-ஆன் பட்டனுக்கு ‘ட்ராக்கிங் ஆன் பிளஸ் ஏஎஃப் ஆன்’ கொடுங்கள். இப்படி வைத்துவிட்டு கேமராவை உதவியாளரிடம் கொடுத்தால், அவர் ஷட்டரை மட்டும் அழுத்தி எடுக்கும் படம் எல்லாம் மங்கலாக வரும். அதனால் டயலின் 1, 2-இல் உங்கள் அமைப்பையும், 3-இல் ஷட்டரிலேயே ஃபோகஸ் ஆகும் சாதாரண அமைப்பையும் பதிந்து வையுங்கள்.

‘ஸ்விட்ச் வி/எச் ஏஎஃப் ஏரியா’வை இயக்கினால் கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது ஒரு ஃபோகஸ் புள்ளி, கிடையாகப் பிடிக்கும்போது வேறு புள்ளி என்று நினைவில் வைத்துக்கொள்ளும். ‘ரிலீஸ் வித்தவுட் கார்டு’ நிச்சயம் டிசேபிளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கார்டு போடாமலே படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் முடிந்ததும் ‘சேவ்/லோட் செட்டிங்ஸ்’ வழியாக மொத்த அமைப்பையும் கார்டில் சேமித்து, அந்தக் கோப்பைக் கணினியிலும் ஒரு பிரதி வையுங்கள்.

வியூஃபைண்டரில் தெரிவது

மண்டபத்தில் ஃப்ளாஷை மாட்டி, மேனுவலில் 1/200, எஃப் 8, ஐஎஸ்ஓ 100 வைத்ததும் வியூஃபைண்டர் கன்னங்கரேல் என்று ஆகிவிடும். கேமரா கெட்டுப்போகவில்லை. டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாக நேரே பார்த்தீர்கள். எந்த அமைப்பில் இருந்தாலும் மண்டபம் மண்டபமாகத் தெரிந்தது. இங்கே சென்சார் பார்ப்பதை, நீங்கள் வைத்த எக்ஸ்போஷரோடு ஒரு சின்னத் திரையில் காட்டுகிறார்கள். ஃப்ளாஷ் இன்னும் அடிக்கவில்லை என்பதால், ஃப்ளாஷ் இல்லாமல் அந்தப் படம் எப்படி வருமோ அப்படியே இருட்டாகத் தெரிகிறது. ‘லைவ் வியூ டிஸ்ப்ளே’யில் ‘செட்டிங் எஃபெக்ட் ஆஃப்’ கொடுத்தால் திரை வெளிச்சமாகும். இதை ஒரு கஸ்டம் பட்டனில் வைப்பது மிக அவசியம், ஏனென்றால் ஃப்ளாஷைக் கழற்றியதும் மறுபடி ஆன் செய்ய வேண்டும். மறந்தால் திரையில் நன்றாகத் தெரிந்த படம் கார்டில் வெளிறியோ இருண்டோ இருக்கும்.

‘ஆட்டோ ரிவ்யூ’வை அணைத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆரில் எடுத்த படம் பின்திரையில் வந்து போகும், கண்ணுக்குத் தொந்தரவில்லை. இங்கே அது வியூஃபைண்டருக்குள்ளேயே வந்து, எதிரே நடப்பதை இரண்டு நொடி மறைத்துவிடும்.

இருட்டான இடத்தில் வியூஃபைண்டர் எப்போதும் படத்தைவிடப் பளிச்சென்று தோன்றும், அதை நம்பி எக்ஸ்போஷரைக் குறைக்காதீர்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், அல்லது வெளிச்சம் மிஞ்சும் இடத்தில் கோடு காட்டும் ஸீப்ராவை 100+ அளவில் வையுங்கள். வெள்ளை வேட்டியில் கோடு ஓடத் தொடங்கும் இடத்தில் ஜேபெக்கில் விவரம் போகிறது என்று பொருள். கேமரா திருத்தாத மூலக் கோப்பான ராவில் அதற்கு மேலும் கொஞ்சம் இடம் இருக்கும்.

சூரியனை மறந்துவிடக் கூடாது. கேமராவைக் கவிழ்த்து வெயிலில் வைத்தால், கண் வைக்கும் லென்ஸ் பூதக்கண்ணாடி போல வேலை செய்து உள்ளே இருக்கும் சின்னத் திரையைச் சுட்டுவிடும்.

பழைய ஃப்ளாஷும் பழைய லென்ஸும்

கேனான் ஃப்ளாஷைச் சோனியின் மேல் மாட்டினால் நடு முனை வழியாக வெடிப்பதோடு சரி. டிடிஎல் (ஃப்ளாஷின் அளவைக் கேமராவே முடிவு செய்வது) கிடையாது, ஹை ஸ்பீடு சிங்க் (வேகமான ஷட்டரிலும் ஃப்ளாஷ் அடிப்பது) கிடையாது. கோடாக்ஸ் கம்பெனி ஃப்ளாஷ் வைத்திருப்பவர்களுக்குச் செலவு குறைவு. அவர்களுடைய 2.4 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ் வரிசையில் கேமராவின் மேல் இருக்கும் ட்ரிக்கர்தான் கேமராவோடு பேசுகிறது. கேனானுக்கான கோடாக்ஸ் ஃப்ளாஷைக்கூடச் சோனிக்கான ட்ரிக்கரை வைத்துத் தூரத்திலிருந்து டிடிஎல்லில் இயக்கலாம். ஆகவே ஸ்டாண்டில் நிற்கும் ஃப்ளாஷ்களை விற்க வேண்டாம். சோனிக்கான ட்ரிக்கர் ஒன்றும், கேமராவின் தலையில் மாட்ட சோனிக்கான ஃப்ளாஷ் ஒன்றும் வாங்கினால் போதும்.

கேனான் ஈஎஃப் மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே தூரம் 44 மி.மீ. சோனி ஈ மவுண்டில் அது 18 மி.மீ. நடுவில் மிஞ்சும் 26 மி.மீ. இடத்தில்தான் அடாப்டர் உட்காருகிறது. கேனானின் புதிய ஆர்எஃப் மவுண்டில் தூரம் 20 மி.மீ. மட்டுமே. மிஞ்சுவது வெறும் 2 மி.மீ. என்பதால் மின்தொடர்போடு ஒரு அடாப்டரை நுழைப்பது மிகக் கடினம். யாராவது ஆர்எஃப் லென்ஸை மலிவாகத் தருகிறேன் என்றால் ஆசைப்பட வேண்டாம்.

ஈஎஃப் அடாப்டரில் சிக்மாவின் எம்சி-11, மெட்டாபோன்ஸ் இரண்டும் அதிகம் புழங்குபவை. எம்சி-11-க்குச் சிக்மா பொறுப்பேற்பது தன் லென்ஸ்களுக்கு மட்டும். கேனான் லென்ஸ் அதில் ஓடும், ஆனால் எவ்வளவு நன்றாக ஓடும் என்பது லென்ஸுக்கு லென்ஸ் மாறும். நின்று போஸ் கொடுப்பவரை எடுக்க 85 மி.மீ. தாராளம். ஓடி வரும் குழந்தை, நடனம், வீடியோவில் தொடர் ஃபோகஸ் என்றால் திணறும். ஆகவே அதிகம் புழங்கும் 24-70-ஐ முதலில் சோனி மவுண்டிலேயே வாங்கிவிடுங்கள், 70-200 அடுத்தது. மின்தொடர்பு இல்லாத பழைய மேனுவல் லென்ஸ் மாட்டினால் கை நடுக்கத்தை அடக்கும் ஸ்டெடிஷாட்டுக்கு லென்ஸின் மி.மீ. எவ்வளவு என்று தெரியாது. மெனுவில் நீங்கள்தான் எண்ணைப் போட வேண்டும். 135 மி.மீ. லென்ஸுக்கு 50 என்று விட்டால் நடுக்கத்தைச் சரியாக அடக்காது.

ஒரு நல்ல செய்தி: டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கு லென்ஸ் பிளஸ், மைனஸ் என்று போட்டுத் திருத்திய ஃபோகஸ் மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் தொல்லை இங்கே இல்லை. ஃபோகஸை அளப்பதும் படம் எடுப்பதும் ஒரே சென்சார் என்பதால் இரண்டுக்கும் இடையே முன்பின் வித்தியாசம் வராது.

சத்தமில்லாத ஷட்டர், கோடு விழும் விளக்கு

மந்திரம் ஓதும் நேரத்தில் சத்தமே இல்லாமல் எடுக்கலாம் என்று சைலண்ட் மோடு போடுபவர்கள் முதல் வாரமே மாட்டிக்கொள்கிறார்கள். ஏ7 மார்க் 4-இன் எலக்ட்ரானிக் ஷட்டர் மேலிருந்து கீழ்வரை சென்சாரை வரிவரியாகப் படித்து முடிக்கத் தோராயமாக 1/15 நொடி எடுக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடியும் ட்யூப்லைட்டும் நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/15 நொடியில் ஆறேழு மினுக்கு. படத்தின் குறுக்கே ஆறேழு இருண்ட பட்டை விழுவதற்குக் காரணம் அதுதான்.

சரி செய்யும் முறை எளிது. மண்டப விளக்கில் மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்புங்கள். சத்தம் கூடவே கூடாது என்றால் ஷட்டரைச் சரியாக 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முழு மினுக்கு ஒன்றோ இரண்டோ கிடைத்துவிடுவதால் பட்டை மறையும். மெக்கானிக்கலில் 1/250-க்கு மேல் போகும்போதும் படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறி இறங்கும். அங்கே ‘ஆன்டி-ஃப்ளிக்கர் ஷூட்’டை ஆன் செய்யுங்கள். அது 100, 120 ஹெர்ட்ஸ் மினுக்கை மட்டுமே கண்டுபிடிக்கும். வரவேற்பு மேடையின் பின்னால் நிற்கும் பெரிய எல்இடி திரை வேறு வேகத்தில் மினுக்குவதால் அதனிடம் இது பலிக்காது. ஷட்டர் வேகத்தை நுணுக்கமாக நகர்த்தும் வேரியபிள் ஷட்டரைப் பயன்படுத்தி, திரையில் கோடு நிற்கும் எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எலக்ட்ரானிக் ஃப்ரண்ட் கர்ட்டன் என்ற இடைவழி ஷட்டரும் உண்டு. சாதாரணமாக அதை ஆனில் விடலாம். பட்டப்பகலில் எஃப் 1.4-இல் 1/2000-க்கு மேல் போகும்போது மட்டும் ஆஃப் செய்யுங்கள். இல்லையென்றால் பின்னணியில் உருண்டையாக விழ வேண்டிய வெளிச்சப் புள்ளிகள் பாதி வெட்டுப்பட்டு விழும்.

கண்ணைப் பிடிக்கும் ஃபோகஸ்

இதற்காகத்தான் பலர் கம்பெனியே மாறுகிறார்கள். தனி ஆளை எடுக்கும்போது ஒன்றும் செய்ய வேண்டாம், இமைக்கும் கண்ணைக்கூட விடாது. கூட்டத்தில்தான் தகராறு. மணமக்களைச் சுற்றி இருபது சொந்தக்காரர்கள் நின்றால் சதுரம் முகத்துக்கு முகம் தாவும். அகலமான ‘வைட்’ ஏரியாவை விட்டு ‘ட்ராக்கிங்: ஸ்பாட்’ எடுத்து, மணமகள் முகத்தில் புள்ளியை வைத்து ஏஎஃப்-ஆனைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பதிந்து முன்னுரிமை கொடுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் நகையும் நெற்றிச்சுட்டியும் ஏறிய பிறகு, அதே அலங்காரத்தில் பதிவதுதான் புத்திசாலித்தனம். ஏ7 மார்க் 4-இல் மனிதர், விலங்கு, பறவை என்று எதைத் தேட வேண்டும் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். முந்தைய நாள் வேடந்தாங்கலுக்குப் போய்வந்து பறவையிலேயே விட்டிருந்தால் மறுநாள் முகம் எதுவும் பிடிபடாது.

ஆட்டோ ஐஎஸ்ஓவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/200 அல்லது 1/250 என்று வையுங்கள். நடுக்கத்தை ஸ்டெடிஷாட் அடக்கும். அசையும் மனிதரை அடக்காது.

கார்டு, கோப்பு, கணினி

5டி மார்க் 3-இன் காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டுகளுக்கு இங்கே வேலையில்லை. ஏ7 மார்க் 4-இன் முதல் துளையில் சிஎஃப் எக்ஸ்பிரஸ் டைப் ஏ அல்லது எஸ்டி, இரண்டாவதில் எஸ்டி மட்டும். டைப் பி கார்டு அளவிலேயே பெரியது, நுழையாது. கல்யாண வேலைக்கு வி60 தரமுள்ள யூஎச்எஸ்-2 எஸ்டி இரண்டு போதும், டைப் ஏ-வின் விலைக்கு அவசியமில்லை. இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்துவிடுங்கள்.

5டி மார்க் 3-இன் 22 மெகாபிக்சல் ரா கோப்பு சுமார் 27 எம்பி. இங்கே 33 மெகாபிக்சல். அன்கம்ப்ரஸ்டு என்றால் ஒரு படம் 70 எம்பியைத் தொடும். லாஸ்லெஸ் கம்ப்ரஸ்டு தரத்தில் ஒன்றும் குறையாமல் கிட்டத்தட்ட 40-இல் நிற்கும், அதையே வையுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் நொடிக்கு 10 படம் என்பது சாதாரண கம்ப்ரஸ்டு ராவில் மட்டுமே. லாஸ்லெஸ்ஸில் 6 வரும்.

ஒருமுறை பணம் கொடுத்து வாங்கிய படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் 6 இந்தக் கோப்பைத் திறக்காது. அதன் புதுப்பித்தல் 2017-இல் நின்றுவிட்டது, கேமரா வந்தது 2021-இல். சந்தா கட்ட மனமில்லாதவர்கள் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில் மாற்றிக்கொண்டு திறக்கலாம். எதில் திறந்தாலும் கேனான் ராவுக்காகச் செய்த ப்ரீசெட்டை (சேமித்து வைத்த திருத்த அளவுகளை) அப்படியே போட்டால் தோல் நிறம் இழுத்துக்கொண்டு போகும். ஒரே ஆளை ஒரே வெளிச்சத்தில் இரண்டு கேமராவிலும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆரஞ்சு, மஞ்சள் இரண்டின் சாயலையும் அடர்த்தியையும் நகர்த்திப் புது ப்ரீசெட் செய்யுங்கள். ஒரு மாலை வேலை.

வீடியோவில் எக்ஸ்ஏவிசி எச்எஸ் வகைக் கோப்பாக எடுத்தால் பழைய கணினி மூச்சுவாங்கும், எக்ஸ்ஏவிசி எஸ் 4கே எடுத்தால் கொஞ்சம் பிழைக்கும். 4கே 60-இல் படம் ஏபிஎஸ்-சி அளவுக்கு (சென்சாரின் நடுப்பகுதி மட்டும்) வெட்டப்படும் என்பதால் அகலமான லென்ஸ் தயாராக இருக்கட்டும். கோடை வெயிலில் எடுப்பதாக இருந்தால் ‘ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்’பை ஹையில் வையுங்கள்.

பேட்டரி

கம்பெனிக் கணக்குப்படி 5டி மார்க் 3 ஒரு சார்ஜில் 950 படம். ஏ7 மார்க் 4 வியூஃபைண்டரில் 520. தொடர்ச்சியாகச் சுடும்போது இதைவிடக் கூடுதலாகவே வரும் என்றாலும் ஒரு முழுநாள் கல்யாணத்துக்கு மூன்று பேட்டரி இல்லாமல் கிளம்பாதீர்கள். படம் எடுக்காமலே பேட்டரி காலியாகிறது என்றால் கேமரா தொங்கும் இடத்தைப் பாருங்கள். நெஞ்சில் தொங்கும்போது சட்டை கண் சென்சாரை மூட, யாரோ பார்க்கிறார்கள் என்று வியூஃபைண்டர் எரிந்துகொண்டே இருக்கும். யூஎஸ்பி-சி வழியாக, பவர் டெலிவரி (பிடி) வசதியுள்ள பவர் பேங்கில் சாப்பாட்டு நேரத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

தூசியும் ஈரமும்

கண்ணாடி இல்லாததால் லென்ஸைக் கழற்றியதும் சென்சார் வெட்டவெளியில் நிற்கிறது. கேமராவை அணைத்து, வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்து, அடுத்த லென்ஸின் மூடியை முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். ‘ஆன்டி-டஸ்ட் ஷட்டர்’ ஆன் செய்தால் அணைத்ததும் ஷட்டர் மூடிக்கொள்ளும். அந்தத் தகடு மெல்லியது. விரலோ காற்றடிக்கும் ப்ளோயரின் மூக்கோ பட்டால் வளைந்துவிடும், சுத்தம் செய்யும் முன் இந்த வசதியை ஆஃப் செய்துகொள்ளுங்கள்.

மாதம் ஒருமுறை எஃப் 16, ஐஎஸ்ஓ 100 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெளுத்த வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் புள்ளிகள் தெரிந்தால் ரப்பர் ப்ளோயர். அதற்கும் போகாததற்கு 24 மி.மீ. அகல ஸ்வாபும் (துடைக்கும் குச்சியும்) இரண்டு சொட்டுத் திரவமும், ஒரு பக்கமாக ஒரே இழுப்பு, அதே முனையை மறுபடி பயன்படுத்தக் கூடாது. கேனில் அடைத்த காற்று வேண்டாம், திரவமாகச் சிந்தும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்தில் இருக்கும் ட்ரை கேபினட் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, நீலம் ரோஸாக மாறியதும் மாற்றுங்கள்.

பழையதை விற்கும்போது

மூன்று மாதம் கழித்து, கை பழைய கேமராவைத் தேடாமல் போன பிறகு விற்கத் தொடங்குங்கள். சோனியில் மாற்று வாங்கிவிட்ட ஈஎஃப் லென்ஸ்கள் முதலில் போகட்டும். 100 மி.மீ. மேக்ரோவைக் கடைசிவரை வைத்திருங்கள். மிக நெருக்கத்தில் கையால்தான் ஃபோகஸ் செய்யப்போகிறீர்கள், அடாப்டரில் அது ஒன்றும் இழப்பதில்லை. பாடியைக் கொடுக்கும் முன் மெனுவில் காப்பிரைட் தகவலை அழிக்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால், வாங்கியவர் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் உங்கள் பெயர் ஏறிக்கொண்டே இருக்கும்.